பழக்கின நாய்

"ஏட்டி ஷைனி! நாயைக் குட்டியிலேயே பழக்கணும்னு எத்தன தடவ சொன்னேன்?"

கேட்டுக்கு வெளியே பெட்டியோடு நின்று கத்தினான் ஜெபிஷ். உள்ளே ராக்கி பல்லைக் காட்டிப் பாய்ந்தது.

"பழக்குன நாய்தான்."

"எங்க? ராக்கி, உக்காரு!"

அது இன்னும் மூர்க்கமாகக் குரைத்தது. அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "இதுதான் பழக்குன லட்சணமா?"

ஷைனி தன் போனிலிருந்து அவனுக்கு வீடியோ கால் போட்டு, அவன் எடுத்ததும் அதை நாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இப்பச் சொல்லுங்க."

"உக்காரு!"

போனைப் பார்த்ததும் ராக்கி வாலாட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"மூணு வருசமா தெனமும் மஸ்கட்ல இருந்து நீங்கதானே இதப் பழக்குனிய? அதுக்கு முதலாளி இந்தப் போனுதான்." நாயைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தாள். "எனக்குப் புருசனும் இதுதான்."