தேதி அண்ணாச்சி

இன்னும் வெளிவராத ஒரு லினக்ஸ் இயங்குதளத்துக்குள் கடிகாரமும் காலண்டரும் க்ராஷ் ஆகித் தொப்பு தொப்பென்று விழுந்துகொண்டே இருந்தன. இரண்டுக்கும் தேதி சொல்வது ஒரே லைப்ரரி, அதாவது பொதுவான ஒரு நிரல் தொகுப்பு. உள்ளே இருக்கும் எல்லா மென்பொருளுக்கும் அதுதான் 'தேதி அண்ணாச்சி'.

"நீதான் தள்ளிவிடுற," என்றது கடிகாரம்.

"நீ இடிச்சுத்தான் நான் விழுறேன்," என்றது காலண்டர்.

ரிலீஸ் நெருங்கிவிட்டதால், பிழை பிடிக்கும் டீபக்கர் வந்தது. இரண்டும் விழுவதை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

"யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா வாயால சொல்ல மாட்டேன். எதுவா இருந்தாலும் ரிப்போர்ட்லதான்."

ரிப்போர்ட் என்றால் முதலில் தேதி போட வேண்டுமே!

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன தேதி?"

அண்ணாச்சி அன்பாக வாயைத் திறந்தார். டீபக்கர் குப்புற விழுந்தது. எழுப்பி உட்காரவைத்தார்கள். புதுத் தாளை எடுத்து, மறுபடியும் தேதி கேட்டது, மறுபடியும் விழுந்தது.

கடிகாரம் காலண்டரிடம் கிசுகிசுத்தது: "இந்த டீபக்கர் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர்தானே விழுந்துக்கிட்டிருந்தோம்?"

காலண்டருக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டும் சேர்ந்து டீபக்கரைத் தூக்கி வெளியே போட்டன. அண்ணாச்சிதான் முதலில் கைதட்டினார்.

"தொல்லை விட்டுது," என்றது கடிகாரம். "அண்ணாச்சி, ரிலீஸ் என்னைக்கு?"