ஆயிரம் மணி நேரம்

"இன்னும் எத்தனை மணி நேரம் தம்பி?"

ஏழாம் நம்பர் கட்டில் அம்மா தினமும் காலையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் இதைக் காதில் வாங்கிவிட்டார். தன் ஆயுளைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, அதையெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் வயிற்றுக் கட்டி வலிக்கும். வலித்தது.

"அறுபத்திரண்டும்மா" என்றான் அவன், அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் துடைத்தபடி.

ஆஸ்பத்திரிகள் கைவிரித்துவிட்ட நோயாளிகள் வந்து படுக்கும் இல்லம் அது. அவன் அங்கே வார்டு உதவியாளன். வயது முப்பத்தொன்று. டாக்டருக்குத் துணையாக வேலை பார்க்கும் ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் சேரும் நாளில், நோயாளிகளைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதற்கு ஆயிரம் மணி நேரச் சான்றிதழ் காட்ட வேண்டும். குளிப்பாட்டுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மலம் அள்ளுவது எல்லாம் அதில் அடக்கம். ஐந்து மாதமாக அள்ளிக்கொண்டிருந்தான்.

வார்டில் அவனுக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். வைத்தவள் வார்டுப் பொறுப்பு சிஸ்டர். மனசு தங்கம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்தப் படிப்பைப் பற்றி சிஸ்டருக்குத் துளியும் நல்ல அபிப்பிராயம் இல்லை. டாக்டர் வேலையில் முக்கால்வாசியை இவன் செய்வானாம், கையெழுத்து மட்டும் அவர் போடுவாராம். நோயாளி 'டாக்டர் எங்கே' என்பானாம், டாக்டர் 'ஃபைல் எங்கே' என்பாராம், நடுவில் இவன் திருதிருவென்று முழிப்பானாம். போன வருடம் படித்து முடித்த ஒருத்தி ஏதோ கிளினிக்கில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்தாளாம். டாக்டர்கள் பற்றாக்குறை, எதிர்காலம் உள்ள வேலை என்று அவனும் பதிலுக்குச் சொல்லிப் பார்த்தான். கல்லூரிக் கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை போய்விட்டது.

போதாக்குறைக்கு இன்னொரு கதையையும் சொன்னாள். முன்பு இங்கே வேலை பார்த்த ஒருத்தி, இதே வார்டில் கிடந்த தன் மாமனாரைக் கவனித்த நேரத்தையும் சான்றிதழில் சேர்த்துவிட்டாளாம்.

"சொந்தக்காரங்களுக்குச் செஞ்சா அது கடமை, பயிற்சி இல்லைன்னுட்டாங்க. நாப்பது மணி நேரத்தைச் சேர்க்கப் போயி ஆயிரமும் செல்லாமப் போச்சு" என்றாள்.

ஏழாம் நம்பருக்கு யாருமில்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பு ஒரு துணிப்பையோடு தனியாக வந்து சேர்ந்தவள். ஃபைலில் உறவினர் என்ற இடத்தில் வெறும் கோடு. அவனைப் படாத பாடு படுத்துவாள். தண்ணீர் சூடு போதவில்லை, கட்டு இறுக்கமாக இருக்கிறது, இந்தத் தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிஸ்டரிடம் புகார் மேல் புகார் போகும். ஆனால் படிப்பு என்று பேச்சு வந்தால் வார்டிலேயே அவள் ஒருத்திதான் அவன் கட்சி.

அன்று மத்தியானம் அவளுக்கு மாத்திரை கொடுக்கும்போது, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னான். படித்து முடிக்கையில் வயது முப்பத்தைந்தாகிவிடும். அதற்குப் பிறகு டோக்கன் கூப்பிடுவதற்கா இத்தனை பாடு என்றான்.

அவள் மாத்திரையைச் சிரமப்பட்டு விழுங்கினாள்.

"வலியில கிடக்கிறவங்ககிட்ட யாரு முதல்ல வர்றாங்களோ அவங்கதான் டாக்டரு. கையெழுத்தை எவன் வேணா போட்டுட்டுப் போகட்டும். என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க தம்பி. உங்க மணி ஓடுதான்னு மட்டும் பாருங்க."

எட்டு நாட்கள் ஓடின. அவளுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. போன வாரமே போயிருக்க வேண்டியவள், எதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள் என்று தெரியவில்லை என்றார் டாக்டர். ஷிஃப்ட் முடிந்தும் அவன் ஒரு மணி நேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தை நோட்டில் எழுத மாட்டான்.

எட்டாம் நாள் சாயங்காலம் குனிந்து அவள் காதருகே, "முடிஞ்சுதும்மா, ஆயிரம்" என்றான். அவள் லேசாகத் தலையசைத்தாள். மறுநாள் காலையில் அவன் வேலைக்கு வருவதற்குள் போய்விட்டாள்.

கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற நிலையைப் பார்த்து சிஸ்டர் அவன் தோளைத் தொட்டாள். இந்த வேலையில் எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் இப்படி மனசில் தங்கிவிடுவார்கள் என்று சொல்லி, மெல்ல ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனாள்.

மேஜையில் இரண்டு காகிதங்கள். ஒன்று, முத்திரை வைத்த ஆயிரம் மணி நேரச் சான்றிதழ். மற்றது, உடலை ஒப்படைக்கும் படிவம். உரிமை கோர ஆளில்லாத உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போகும், மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்கு. அவன் சேரப்போகிற அதே கல்லூரிதான்.

"பாவம், விரட்டி விரட்டி உன்கிட்ட வேலை வாங்கினாங்க. இனிமே உனக்கே பாடமா வந்தாலும் வருவாங்க" என்று சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உறவு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, கீழே சாட்சிக் கையெழுத்தும் போடும்படி அவனிடம் சொன்னாள்.

அவன் பேனாவைக் கீழே வைத்தான். சான்றிதழை எடுத்து ஒருமுறை முழுதாகப் படித்தான். பிறகு படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதினான்.

சிஸ்டர் பதறிப்போனாள். "நாம எல்லாரையும்தான் அம்மான்னு கூப்பிடுறோம். பாசம் இருக்க வேண்டியதுதான்டா, அதுக்காக இப்படிப் பொய் எழுதுவியா?"

"அது பொய்யில்ல சிஸ்டர், இதுதான் பொய்" என்று சான்றிதழை அவளிடமே திருப்பி நீட்டினான்.