அவிழ்த்த பிறகு

ஞாயிறு மதியம் தாமோதரன் தன் மனைவி வசுமதியின் மணிக்கட்டுகளிலிருந்து கயிற்றை அவிழ்த்தான். அவள் ஆசைப்பட்ட அந்தரங்க விளையாட்டு அது; அவள் கேட்டுத்தான் கட்டினான், அவள் கேட்ட அளவுக்குத்தான் பிரம்பால் அடித்தான். நிறுத்துவதற்காக அவர்கள் வைத்திருந்த சொல்லை அவள் சொன்ன கணமே பிரம்பைக் கீழே போட்டான். பிறகு நான்கு வருட வழக்கப்படி போர்வை போர்த்தி, சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாற்றைப் புகட்டி, சிவந்த இடங்களில் தேங்காயெண்ணெய் தடவி, அரைமணி நேரம் அவள் தலையை மடியில் வைத்திருந்தான். அவள் தெளிந்த முகத்தோடு எழுந்து சோம்பல் முறித்தாள். "தோசை மாவு இருக்கா? பசிக்குது."

அவன் தம்ளரைத் தரையில் ஓங்கி வைத்தான். மீதிச் சாறு தெறித்தது.

"என்ன தாமு? எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே!"

"உனக்கு ஆகல. எனக்கு? உன்னை அடிச்ச கையால ரெண்டு நாளைக்குச் சோறு பிசைய முடியல. நீ பாட்டுப் பாடிக்கிட்டு ஆபீஸ் போற. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டியா?"

"நீ சொன்னியா? நான் என்ன ஜோசியக்காரியா? வேண்டாம்னா நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே!"

"எதைச் சொல்லி நிறுத்த? அந்த வார்த்தை உனக்கு மட்டும்தானே வச்சோம்!"

அவள் கோபம் தணியாமலேயே தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவனெதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, இறுக மூடியிருந்த அவன் வலது கையை வெடுக்கென்று இழுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் மட்டும் பிரிய மறுத்தது.