பனிச்சரிவில் இரண்டு பேர்

வசந்தத்தில் வெயில் ஏறினால் பனி இளகிச் சரியும். அதனால் அந்தச் சரிவை விடியலில், அதுவும் ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். இங்கே எல்லோரும் மாட்டும் பாதுகாப்பு பூட்ஸில் அதைக் கண்காணிக்கும் கருவி உண்டு; சரிவில் இரண்டு இதயத்துடிப்புகள் கேட்டால், பூட்ஸ் முன்னே நகர மறுத்துவிடும்.

பரிதி கடந்துபோய் மறுபக்கம் நின்றான். கீழே மருத்துவமனையில் இன்று முடிவு சொல்வார்கள். இந்த முறையும் கரு தங்கவில்லை என்றால் இனி சிகிச்சையே வேண்டாமென்று அவன் மனைவி வதனி சொல்லியிருந்தாள்.

அவள் சரிவில் கால் வைத்தாள். பூட்ஸ் இறுகி நின்று, குரல் கொடுத்தது.

“சரிவில் இருவர். ஒருவர் திரும்பவும்.”

வாக்கிடாக்கியில் பரிதி கத்தினான். “பின்னால யாரு வர்றா? போகச் சொல்லு!”

வதனி திரும்பிப் பார்த்தாள். அவள் காலடித் தடம் மட்டுமே இருந்தது.

“யாருமே இல்லப்பா.”

“அப்புறம் எப்படி ரெண்டுங்குது? உன் பூட்ஸுக்கும் உன்னை மாதிரியே கணக்கு வராதா?”

“சரிவில் இருவர்” என்றது பூட்ஸ் மறுபடியும்.

வதனியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. அவள் ஓரடி பின்வாங்கிப் பாறைமேல் ஏறினாள்.

“பரிதி, இனிமே ஆஸ்பத்திரி சொல்லி நமக்குத் தெரிய வேண்டியதில்ல. வெயில் வர்றதுக்குள்ள நீ திரும்பி வா.”

“ஏன்? நீ வரலையா?”

“ஒவ்வொருத்தராத்தான கடக்கணும்? நீ வா. நாங்க ரெண்டு பேரும் இங்க நிக்கிறோம்.”