கட்டைகள் கட்டிய அரசவை

சிறைப்பட்ட மகனை மீட்க ஒரு தாய் அரசவைக்கு வருவாள். பழைய காவியம் ஒன்றின் இந்தக் காட்சியைப் பொம்மைக் கட்டைகள் தாங்களே கட்டத் தொடங்கின. மஞ்சள் கட்டை அரசனாக அமர்ந்தது. நீலக் கட்டை தாயாக வெளியே நின்றது. சிவப்புக் கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துச் சுற்றிலும் மதிலாயின.

“அண்ணே, வாசலுக்கு ரெண்டு பேர் விலகுங்க. பொழுது சாஞ்சா என் மகனைக் கழுவேத்திடுவாங்க,” என்றது நீலக் கட்டை.

“விலகினா காட்சியில நான் இருக்க மாட்டேனே! அடுத்தவனைக் கேளும்மா,” என்றது ஒரு சிவப்புக் கட்டை. அடுத்ததும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும்தான்.

உயர்ந்த மதிலுக்குள் எந்தச் சத்தமும் போகவில்லை. பொழுது சாயும்வரை காத்திருந்த மஞ்சள் கட்டை நிறைவோடு சொன்னது:

“முறையிட ஒருவர்கூட வரவில்லை. நம் ஆட்சியில் குறையே இல்லை.”

“ஆமாம் மன்னா,” என்றது மதில்.