இடது விலாவில் ஒரு குத்து

ஈரப் புல்லை வயிறு முட்டத் தின்ற சினை ஆடு மத்தளம் மாதிரி உப்பிப்போய், விடிகிற வெளிச்சத்தில் பட்டித் தரையில் கிடக்கிறது. நாக்கு நீலம் பாரித்துவிட்டது. நான் பின்னங்கால்களை அமுக்கிப் பிடித்திருக்கிறேன். ஆட்டுக்காரர் அதன் கழுத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டு கத்தியைத் தொண்டைக்குக் கொண்டுபோகிறார். "தானா செத்தா கறிக்கடைக்காரன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்" என்கிறார். அவர் வீட்டம்மா அந்தக் கையைப் பிடித்துத் தொங்குகிறார். "வயித்துல குட்டி இருக்குய்யா. விலாவுல குத்திக் காத்தை எறக்கு." "தப்பாக் குத்தினா ரெண்டும் போச்சு. நீ என்ன டாக்டரா?" என்கிறார் ஆட்டுக்காரர். "உன்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினவளுக்கு இது பெரிசா?" என்றபடியே அந்தம்மா அவர் மணிக்கட்டைக் கடிக்கிறார். கீழே விழுந்த கத்தியை எடுத்து, இடது விலாவுக்குப் பின்னால் புடைத்து நிற்கிற இடத்தில் ஓங்கி இறக்குகிறார். புஸ்ஸென்று காற்று சீறுகிறது. பச்சை நுரையும் ரத்தமும் அந்தம்மாவின் முகத்தில் தெறிக்கின்றன. துடைக்காமல், ஓட்டை மூடிக்கொள்ளாதபடி இரண்டு விரலை உள்ளே விட்டுப் பிடித்திருக்கிறார். வயிறு மெல்ல இறங்குகிறது. இறங்கின வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ என் முழங்கையில் முட்டுகிறது. "உதைக்குதுங்க" என்கிறேன். ஆட்டுக்காரர் கழுத்திலிருந்து முழங்காலை எடுக்கிறார்.