சொர்ணத்தின் பாஸ்வேர்ட்

சோபாவுக்குப் பின்னால் நின்று, மகன் லேப்டாப்பில் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள் சொர்ணம்.

குமரவேல் வீட்டு வைஃபையை மாற்றி அமைக்கிறான்.

காரணம் அவள்தான். கூரியர் வந்திருக்கிறது என்று எவனோ அனுப்பிய மெசேஜைத் தொட்டுத் தொலைத்துவிட்டாள். அதிலிருந்து ஃபோனில் கண்ட கண்ட விளம்பரமெல்லாம் வந்து குதிக்கிறது.

ஃபோன் கிடக்கட்டும். அவள் கவலை வேறு.

இத்தனை காலமும் இந்த வைஃபைக்கு அவள் பெயர்தான் பாஸ்வேர்ட். சொர்ணம். நாத்தனார் பிள்ளைகளானாலும் சரி, யாரானாலும் சரி, அவள் பெயரைத் தட்டினால்தான் நெட் வரும். அதில் அவளுக்கு ஒரு கெத்து.

பழையதை அழித்தான்.

புதியதைத் தட்டினான். தட்டும்போது முணுமுணுப்பது அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம்.

"தேன்மொ... எல் இல்ல, இசட் எச்..."

மருமகள் பெயர்.

அடடா, ழ-வுக்குத்தான் என்ன அக்கறை! சொர்ணத்தில் கடைசி 'ம்'மை முழுங்கிவிட்டு அல்லவா இத்தனை நாள் ஓட்டினான்?

பொறாமைதான், வேறென்ன. மருமகள் வந்து இன்னும் தலை தீபாவளிகூட ஆகவில்லை.

இருந்தாலும் விழுங்கிக்கொண்டாள். ஃபோனை நீட்டினாள்.

"எனக்கும் அதையே போட்டுக் குடுடா."

"உனக்குத் தனியா ஒண்ணு வெச்சிருக்கேம்மா. நீ எதைத் தொட்டாலும் எங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

எங்களுக்கு.

ஃபோன் திரும்பி வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வைஃபையின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

கெஸ்ட்.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். மகன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு விட்ட அறையின் கதவில் எழுதியிருந்தது.

"வருதாம்மா?"

"நல்லா வருது."

சமையலறையில் தேன்மொழி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சொர்ணம் தன் டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். எட்டி, மேல்தட்டிலிருந்து பூப்போட்ட பீங்கான் கோப்பையை இறக்கினாள். சாஸரையும் எடுத்தாள். இரண்டையும் கழுவி மேடையில் வைத்தாள்.

"அத்தை, அது யாராவது வந்தா எடுக்கிறதாச்சே!"

"வந்திருக்கேம்மா. ஊத்து."

ஹாலுக்குப் போனாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.